ஐரோப்பியப் பணியாளர் மன்றங்கள்: தகவல் வருகிறது, காலத்தில் வருவதில்லை

பல நாடுகளில் கிளை பரப்பிய நிறுவனத்தில், ஓர் ஆலையை மூடும் முடிவு பெரும்பாலும் வேறொரு நாட்டிலுள்ள தலைமையகத்தில் எடுக்கப்படுகிறது. உள்ளூர்த் தொழிற்சங்கம் எதிரே அமர்ந்து பேசும் மேலாளருக்கு அதை மாற்றும் அதிகாரம் இருப்பதில்லை. இந்த இடைவெளியை அடைக்கவே ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் ஓர் ஆணையின் வழியாக, ஒரு நிறுவனத்தின் பல நாட்டுப் பணியாளர் பிரதிநிதிகள் கூடி நிர்வாகத்திடம் தகவல் பெற்றுக் கலந்து பேசும் பணியாளர் மன்றங்களுக்குச் சட்ட வடிவம் தந்தது. உறுப்பு நாடுகளில் மொத்தம் 1,000 பணியாளர்களும், குறைந்தது இரண்டு நாடுகளில் தலா 150 பேரும் உள்ள நிறுவனத்தில், இரு நாடுகளைச் சேர்ந்த 100 பணியாளர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ எழுதிக் கேட்டால், மன்றம் அமைக்கும் ஒப்பந்தத்துக்கான பேச்சை நிர்வாகம் தொடங்கியாக வேண்டும். முப்பதாண்டு அனுபவத்தை வைத்துப் பார்க்கும்போது, தகவல் பெறும் அமைப்பாக இதை மனமாரப் பாராட்டலாம் என்றும், முடிவை அசைக்கும் அமைப்பாக இதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்றும் கருதுகிறேன்.

முதலில் பாராட்டு. மன்றத்தின் உண்மையான பயன், நிர்வாகத்துடனான கூட்டத்தைவிட, அதற்கு முன்பு நிர்வாகம் இல்லாமல் பிரதிநிதிகள் மட்டும் கூடும் அமர்வில்தான் கிடைக்கிறது. 'பக்கத்து நாட்டு ஆலையில் செலவு குறைவு, நீங்களும் இறங்கி வாருங்கள்' என்று ஒவ்வோர் ஆலையிலும் தனித்தனியே சொல்லப்படும்போது, இரு ஆலைக்காரர்களும் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு ஒரே மேசையில் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த எண் உண்மை, எது மிரட்டல் என்பது தெளிவாகிவிடுகிறது. 2009இல் திருத்தி எழுதப்பட்ட ஆணை, உறுப்பினர்களுக்கு ஊதிய இழப்பின்றிப் பயிற்சி பெறும் உரிமையைத் தந்ததும் பெரிய உதவி. நிதிநிலை அறிக்கையைப் படிக்கத் தெரியாதவர் கையில் தகவல் கிடைத்தும் பயனில்லை.

குறை எங்கே என்றால், காலத்தில். ஒப்பந்தம் எட்டாத நிறுவனங்களுக்கு 1994 ஆணை வகுத்த குறைந்தபட்ச விதி, ஆண்டுக்கு ஒரே ஒரு வழக்கமான கூட்டம்தான். அந்த ஒரு நாளில் பெரும்பகுதி முடிந்த ஆண்டின் கணக்கை விளக்குவதிலேயே கழியும் என்றால், அதைக் கலந்தாலோசனை என்று எப்படி ஏற்பது? பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோ, பெல்ஜியத்தின் வில்வோர்டே ஆலையை மூடப்போவதாக 1997 பிப்ரவரியில் அறிவித்தபோது, சுமார் 3,100 பேரின் வேலை அதில் அடங்கியிருந்தும், மன்றத்திடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. பிரெஞ்சு நீதிமன்றம் நிறுவனம் தவறிழைத்தது என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் தொழிலாளர் பக்கமே வென்றது. ஆனாலும் ஆலை அதே ஆண்டில் மூடப்பட்டது. நடைமுறை மீறலுக்கான தண்டனை, அந்த மீறலால் கிடைக்கும் ஆதாயத்தைவிடச் சிறிதாக இருக்கும்வரை இதுதான் நடக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஐரோப்பியப் பிரிவில் நடந்தது வேறு. இங்கிலாந்தின் லூட்டன் ஆலையில் கார் உற்பத்தி நிறுத்தப்படும் என்ற அறிவிப்பைத் தொடர்ந்து, 2001 ஜனவரியில் பல நாட்டு ஆலைகளின் தொழிலாளர்கள் ஒரே நாளில் போராட்டத்தில் இறங்கினர். அதன்பின் கட்டாய ஆட்குறைப்பைத் தவிர்க்கும் ஒப்பந்தத்தில் மன்றமும் நிர்வாகமும் கையெழுத்திட்டன. கார் உற்பத்தி நின்றதை அந்த ஒப்பந்தம் தடுக்கவில்லை. இருந்தாலும், சட்டம் தராத பேரம் பேசும் வலிமையை மன்றத்துக்குத் தந்தது அதன் பின்னால் நின்ற சங்கங்களின் ஒற்றுமைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சொந்த நாட்டு ஆலையை மட்டும் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொருவரும் முனைந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

ரகசியம் காக்கும் விதியும் நெருடுகிறது. நிர்வாகம் ரகசியம் என்று முத்திரை குத்திய தகவலை, தம்மைத் தேர்ந்தெடுத்த தொழிலாளரிடம் சொல்ல முடியாத பிரதிநிதி, நாளடைவில் அவர்களின் நம்பிக்கையை இழக்கிறார். தண்டனைகளை வலுப்படுத்தவும், மன்றத்தின் வரம்புக்குள் வரும் பன்னாட்டு விவகாரங்கள் எவை என்பதைத் தெளிவாக்கவும் 2025இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த திருத்தத்தை வரவேற்கிறேன். இனி ஒப்பந்தம் பேசப் போகிறவர்கள் கூட்டங்களின் எண்ணிக்கைக்காகப் போராடுவதற்கு முன், முடிவு உறுதியாவதற்கு எத்தனை வாரம் முன்பு தகவல் தர வேண்டும் என்பதையும், மன்றத்தின் கருத்துக்கு நிர்வாகம் காரணம் காட்டி எழுத்தில் பதிலளிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.