வானிலிருந்து மட்டும் அடித்தால் போதுமா, தரையில் ஆள் நிற்க வேண்டுமா?

2023 நவம்பரில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், கொழும்பிலிருந்து ஐரோப்பா போகும் சரக்குக் கப்பல்கள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டியதாயிற்று. ஹட்டனில் பறிக்கும் தேயிலைக் கொழுந்துக்கும் யேமன் போருக்கும் தொடர்பு அங்கேதான். யேமனில் சவூதி கூட்டணி 2015 மார்ச்சிலிருந்து குண்டு போட்டது; 2024 ஜனவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் தொடங்கின. தலைநகர் சனா இன்னும் ஹூதிகள் கையில்.

வான் தாக்குதலின் வசதி தெரிந்ததே: அடிப்பவன் பக்கம் சாவு குறைவு, வெட்டவெளியில் வரும் வாகன அணியை நிறுத்திவிடலாம். சுரங்கத்திலும் குடிமனைக்குள்ளும் இருப்பவனை அடிக்கத் தரையிலிருந்து தகவல் வேண்டும். அந்தத் தகவல் பிழையானால் சாவது அயல்வீட்டுக்காரர். தலைவரைக் கொல்வதும் கவ்வாத்து வெட்டுவது போலத்தான், செடி மறுபடி துளிர்க்கும். 2007 நவம்பர் 2இல் விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் சு.ப. தமிழ்ச்செல்வன் விமானக் குண்டில் இறந்தார். உடனே அவர் பொறுப்புக்கு நடேசன் வந்தார். இலங்கைப் போர் முடிந்தது 2009 மேயில், தரைப்படை நிலத்தைப் பிடித்த பிறகு. அதுவரை கிபிர் போர் விமான இரைச்சலுக்குப் பங்கருக்குள் ஓடியவர்களில் 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போன நம் தோட்டத்துச் சனமும் உண்டு.

என் சாய்வு தரைப்பக்கம்தான். காரணம் ஒன்றே: அடித்த பிறகான பராமரிப்பு. சோதனைச்சாவடியில் யார் நிற்பது, சம்பளம் யார் கொடுப்பது, காணிச் சண்டையை யார் விசாரிப்பது?

லிபியாவைப் பாருங்கள். 2011இல் நேட்டோ ஏழு மாதத்தில் 9,700 தாக்குதல் பறப்புகள் நடத்தியது. கடாபி வீழ்ந்தார். அங்கும் தரையில் சண்டை பிடித்தது கிளர்ச்சிப் படைகளே, ஆக அதுகூட 'வான் மட்டும்' அல்ல. பிறகு நிலத்தைப் பொறுப்பேற்க எந்த வெளிநாட்டுப் படையும் போகவில்லை. இடைக்கால அரசு ஆயுதக்குழுக்களுக்குச் சம்பளம் போட்டது. சண்டையே பிடிக்காதவர்களும் பெயர் பதிந்தார்கள், குழுக்கள் பெருத்தன. 2014இல் திரிப்போலியில் ஓர் அரசு, கிழக்கே இன்னொன்று.

கொசோவோவில் 1999இல் 78 நாள் குண்டுவீச்சு முடிந்ததும் சுமார் 50,000 அமைதிப்படையினர் இறங்கினார்கள், ஐ.நா. நிர்வாகமும் வந்தது. குறைந்த எண்ணிக்கையில் அந்தப் படை இன்றும் அங்கே. ஈராக்கின் மோசுல் நகரில் விமானங்கள் மேலே இருந்தும், ஈராக்கிய இராணுவம் வீடுவீடாக நுழைந்து ஐ.எஸ்.ஸை வெளியேற்ற 2016 ஒக்டோபரிலிருந்து 2017 ஜூலை வரை பிடித்தது. நகரின் மேற்குப் பாதி இடிபாடானது. மலிவான வழி என்று யாரும் சொல்ல முடியாது.

தரைப்படை போனால் உறுதி என்றும் சொல்லமாட்டேன். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா 20 வருடம் நின்றது. 2021இல் விமானம் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர்கள் கிளம்பியதும் ஆப்கான் விமானப்படை முடங்கியது. சாவடிகளில் இருந்த சிப்பாய்கள் பலருக்குச் சம்பளமும் சாப்பாடும் ஏற்கெனவே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.