நாய்க்கான பிராசிகுவான்டல் மாத்திரை: என் ரிவ்யூ

எங்க நாய் எலிய துரத்திப் புடிச்சு அப்படியே முழுங்குற ரகம், அதான் வெட் (கால்நடை டாக்டர்) சொல்லி இந்த நாடாப்புழு மாத்திரைய வாங்க ஆரம்பிச்சோம். நரி குடல்ல இருக்குற எகினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ்னு ஒரு நாடாப்புழு, சைஸ் என்னவோ சில மில்லிமீட்டர் தான், ஆனா அதோட முட்டை கை வழியா நம்ம வயித்துக்குள்ள போச்சுன்னா கல்லீரல்ல உக்காந்து கேன்சர் கட்டி மாதிரி பரவும், அறிகுறி தெரியவே 5லேர்ந்து 15 வருஷம் ஆகலாம், அப்புறம் ஆபரேஷன், வருஷக்கணக்குல அல்பென்டசோல்ங்கற புழு மருந்துன்னு இழுக்கும். எலி உடம்புலயும் இதோட குட்டிப்புழு இருக்கலாம், அந்த எலிய தின்னா நாய்க்கும் இதே புழு வரும்ங்கறது தான் மேட்டர்.

மாத்திரை வேலைய கரெக்டா செய்யுது. கிலோவுக்கு 5 மி.கி. கணக்குல ஒரே டோஸ், குடல்ல இருக்குற புழு காலி. ஆனா கசப்பு இருக்கே, சொல்லி மாளாது! பாதியா உடைச்சு குடுத்தா அந்த உடைஞ்ச பக்கம் நாக்குல பட்டதும் வாயெல்லாம் நுரை, தலைய உதறி துப்பிடும், அப்புறம் சோபாவுக்கு அடியில தேடணும்.

இது தடுப்பு மருந்து கிடையாது, அத அட்டையில பெருசா போட்டிருக்கலாம். இன்னைக்கு குடுத்து நாளைக்கே எலிய தின்னா திரும்ப தொத்திக்கும், புழு வளர்ந்து முட்டை போட சுமார் 4 வாரம், அதான் வேட்டையாடுற நாய்க்கு மாசாமாசம் குடுக்கச் சொல்றாங்க. முட்டைய இது கொல்லாது, ஆல்கஹால் சானிடைசரும் கொல்லாது, சோ அடுத்த சில நாள் மலத்த கிளவுஸ் போட்டு அள்ளிட்டு கைய நல்லா சோப்பு போட்டு கழுவுங்க. எலி பக்கமே போகாத நாய்னா இவ்ளோ அடிக்கடி தேவைப்படாது, வெட்கிட்டயே கேட்டுக்கோங்க.

5க்கு 4 ஸ்டார், அந்த ஒண்ணு கசப்புக்கு கட்.