ஏலகிரியில் பகல் ரூம் எடுக்கப் போகிறீர்களா? கைக்குழந்தை இருந்தால் கூடுதல் உஷார்!

கைக்குழந்தையோடு ஏலகிரிக்குப் போய் அன்றைக்கே திரும்பும் எண்ணம் இருந்தால், போனில் 'பகல் ரூம்' பேசி முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்கிற ஆட்களிடம் உஷாராக இருங்கள். எங்களுக்கு 1,800 ரூபாய் என்று பேசியது 2,624 ரூபாயில் வந்து நின்றது. பணம் போனதைவிட, ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம் செய்ய வேண்டியிருந்ததுதான் எரிச்சல்.

காட்பாடியில் கத்திரி வெயில் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஃபேன் அனல் காற்றை இறைத்தது. பாப்பா சிணுங்கிக்கொண்டே இருந்தாள். "ஏலகிரி வரைக்கும் போயிட்டு வந்துடலாமா?" என்று இவர் வாயெடுத்ததுதான் தாமதம், அத்தை ரப்பர் ஷீட், பழைய வேட்டி, தூளிக்கு ஒரு சேலை எல்லாவற்றையும் பையில் திணித்துவிட்டு வாசலில் நின்றார். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி, ஆம்பூரில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் இவர் போனில் ரூம் தேடினார்.

மேப்பில் அத்தனாவூர் பக்கம் ஒரு காட்டேஜ். ஏரி தெரிகிற ஜன்னல், மஞ்சள் திரைச்சீலை, வெள்ளை வெளேரென்று மெத்தை. அதிலிருந்த நம்பருக்குக் கூப்பிட்டதும் எடுத்தார்கள். அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "கைக்குழந்தை இருக்கா சார்?" இருக்கிறது என்றதும் குரலே குழைந்துவிட்டது. வெந்நீர் இருக்கு, பால் காய்ச்சித் தருவாங்க, பாப்பா தூங்க அமைதியான ரூம், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருந்துக்கலாம், எல்லாம் சேர்த்து 1,800. ஆனால் பணத்தை இப்பவே போட்டுவிட வேண்டும். "சண்டே சார், அரை மணி நேரத்துல ரூம் போயிடும்." ஜிபேயில் காட்டேஜ் பெயர் வராமல் யாரோ ஒருவர் பெயர் வந்தது. கேட்டதற்கு "ஓனர் பேருதான் சார்" என்றார்.

அந்த முதல் கேள்வி ஏன் என்று திரும்பி வரும் வழியில்தான் புரிந்தது. காலேஜ் பசங்களாக இருந்தால் ரூம் பிடிக்கவில்லை என்று பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். பசியோடு அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு மலையேறி வந்தவர்கள் அப்படிப் போக முடியாது. எது கொடுத்தாலும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஆளின் தொழிலே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

மேலே போகிற பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரை ஒவ்வொன்றுக்கும் வைத்திருக்கிறார்கள். கம்பர், கபிலர் என்று பலகை பார்த்துக்கொண்டே போனோம். பாதி வழியில் பாப்பா குடித்த பாலையெல்லாம் என் தோளில் கக்கிவிட்டாள். இதற்கப்புறம் எந்த ரூமாக இருந்தாலும் சரி என்கிற நிலைமைதான். (பாரி, ஓரி எல்லாரையும் தாண்டிப் போய் வெந்நீருக்குக் காசு கொடுத்த கதை இனிமேல்தான்.)

காட்டேஜைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னப் பையன் இருந்தான். "அந்த ரூம்ல இன்னும் ஆள் காலி பண்ணல மேடம்" என்று பின்பக்கம் கூட்டிப்போனான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். உள்ளே பூசண நாற்றம். படுக்கை விரிப்பில், டீ டம்ளரை வைத்து எடுத்தது போல வட்டமாக ஒரு பழுப்புக் கறை. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இதுலயா குழந்தையைப் போடுறது?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப நான் ரூமை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அத்தை கறையின் மேலேயே ரப்பர் ஷீட்டை விரித்து, அதன் மேல் வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, பாப்பாவைப் படுக்க வைத்தார்.

கீசரின் ஒயர் பிளக் இல்லாமல் சுவரில் தொங்கியது. வெந்நீர் வேண்டுமென்றால் பக்கெட்டுக்கு 100 ரூபாயாம். குழந்தையைத் துடைக்க ஒன்று, அப்புறம் இன்னொன்று, மொத்தம் 200. பால் காய்ச்சித் தர அங்கே அடுப்பே கிடையாது. எதிரே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்ட உடனே பாப்பாவின் கூழைச் சூடாக்கிக் கொடுத்தார். காசு நீட்டினால் "பச்சப் புள்ளைக்கு என்னாத்துக்கும்மா காசு" என்று திட்டினார். வளைவு ஏறுவதற்கு முன்னால் வயிறு முட்டப் பால் கொடுக்காதே, பாதியில் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்சமாகக் கொடு, காது அடைப்பும் விடும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

வராந்தா உத்தரத்தில் தூளி கட்டி ஒருவழியாக அவளைத் தூங்க வைத்தோம். வெயில் தாழ்ந்ததும் புங்கனூர் ஏரிக்குப் போகலாம் என்று நினைத்தோம். மூன்று மணிக்குக் கதவைத் தட்டினான் பையன். மூன்று மணி வரைக்கும்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். கையில் ஒரு துண்டுச் சீட்டு: வெந்நீர் 200, எக்ஸ்ட்ரா பர்சன் ஒன்று 300, ஜிஎஸ்டி 18 சதவீதம் 324.

யார் அந்த எக்ஸ்ட்ரா பர்சன்? தூளியில் தூங்குகிறவள்தான்! அத்தை சேலையை விலக்கிக் காட்டி, "இந்தத் தலைக்கா முந்நூறு ரூபா? இதுல இன்னும் முடியே ஒழுங்கா முளைக்கல" என்றார். பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் காசை விடவில்லை. போதாக்குறைக்கு, உள்ளே வரும்போது வாங்கிய 500 ரூபாய் டெபாசிட்டும் கிடையாதாம், குழந்தை விரிப்பைக் கறையாக்கிவிட்டதாம்! அந்த இடத்தில்தான் மாமாவுக்கு எடுத்த போட்டோ கைகொடுத்தது. நாங்கள் நுழைந்த நேரத்தோடு கறை அதில் பளிச்சென்று இருந்தது. டெபாசிட் திரும்பி வந்தது. மற்ற 824 ரூபாய் வரவில்லை.

கிளம்பும்போது அந்தப் பையன் தானாகவே சொன்னான்: போனில் பேசியது ஓனர் இல்லை, புரோக்கர். பணத்தை வாங்கிக்கொண்டு, எந்த காட்டேஜில் ரூம் காலியாக இருக்கிறது என்று அப்புறம்தான் தேடுவாராம். காட்டேஜ்காரர்களுக்கு அதில் 1,000 ரூபாய்தான் வந்திருக்கிறது, மீதியை வருகிறவர்களிடம் இப்படித்தான் தேற்ற வேண்டும் என்றான். வாசல் பலகையைப் பார்த்தேன், அதில் இருந்தது வேறு நம்பர். வீட்டுக்கு வந்து தேடியதில், அந்த மஞ்சள் திரைச்சீலை போட்டோ கொடைக்கானல் விடுதி ஒன்றின் பக்கத்திலும் இருக்கிறது. புரோக்கருக்குப் போன் போட்டால் "ரூம்ல தங்குனீங்கல்ல மேடம், அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டார். என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் புதன்கிழமை வேறு நம்பரிலிருந்து பேசிப் பார்த்தார். அவரிடமும் அதே கைக்குழந்தைக் கேள்வி, அதே அரை மணி நேர அவசரம்.

அந்த ஜிஎஸ்டி விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான், அதற்கு முன்னால் 12. 1,800 ரூபாய் ரூமுக்கு 18 சதவீதம் என்று எழுதினால் அது கட்டுக்கதை. ஜிஎஸ்டி வாங்குகிறவர் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். எங்கள் துண்டுச் சீட்டில் கடைப் பெயர்கூட இல்லை.

குழந்தையோடு போகிறவர்களுக்கு ரூம் தேவைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கீழே இருந்தே முழுப் பணம் அனுப்பாதீர்கள். வீடியோ காலில் வாசல் பலகையிலிருந்து ரூம் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள். புரோக்கர் அங்கே இருக்க மாட்டார், அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். எத்தனை மணி வரை, குழந்தைக்குக் காசு உண்டா, வெந்நீர் உண்டா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். அரசு விடுதிதான் நிம்மதி என்றால் ஏலகிரியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கும் ஒரு ஓட்டல் இருக்கிறது, ஆனால் சீசனில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். அதில் வேலை நடக்கவில்லை என்றால் அடுத்து நுகர்வோர் ஆணையம். 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்து ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. புகார் எண் வந்துவிட்டது, ஜிபே ரசீதையும் துண்டுச் சீட்டையும் கறை போட்டோவையும் சேர்த்து அனுப்பியாயிற்று. பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.