'எல்லாம் கவர் ஆகும்' என்றார்கள்: டர்பன் முதல் கேப்டவுன் வரை வாடகைக் காரில் போகிறவர்களுக்கு

ஈஸ்டர் விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேப்டவுன் வரை காரில் போகலாமா என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள் எங்களைக் கேட்டுவிட்டார்கள். போங்கள், கட்டாயம் போங்கள். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் மட்டும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு 14,870 ராண்ட் போனது. இந்திய ரூபாயில் 70,000க்கு மேல். அதில் ஒரு பகுதி திரும்பி வந்தது, மீதிக்கு ஆறு மாதமாக அலைகிறோம். விவகாரம் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

நாங்கள் குடியாத்தத்துக்காரர்கள். டர்பனுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. போன புரட்டாசியில் என் கணவருக்கு ஒன்பது நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. ஈஸ்ட் லண்டனில் அவரோடு முன்பு வேலை பார்த்தவர் இருக்கிறார், போர்ட் எலிசபெத்தில் என் கல்லூரித் தோழி, கேப்டவுன் ரைலண்ட்ஸில் டர்பனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த குடும்பம். எல்லோரும் வருடக்கணக்காகக் கூப்பிடுகிறார்கள். நெடுஞ்சாலையிலேயே போனாலும் 1,600 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் பழைய காரை நம்பி அவ்வளவு தூரம் போகத் துணிவில்லை. கேப்டவுனில் காரை விட்டுவிட்டு விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் டர்பன். அதனால் ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடும் ஏற்பாட்டில் ஒரு டொயோட்டா ஸ்டார்லெட் எடுத்தோம்.

டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் கார் வாங்கிய அந்த இருபது நிமிடத்தில்தான் எல்லாத் தப்பும் நடந்தது.

இணையத்தில் பதிவு செய்தபோதே சாதாரணக் காப்பீடு சேர்ந்திருந்தது. அதில் 'எக்ஸஸ்' என்று ஒன்று உண்டு. காருக்கு ஏதாவது ஆனால் அந்தத் தொகை வரை நம் கையிலிருந்து போகும், அதற்கு மேல்தான் காப்பீடு. கவுன்டரில் இருந்த பெண் அந்தத் தொகையை ஒரு தாளில் பெரிதாக எழுதி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நாள் ஒன்றுக்கு 189 ராண்ட் கூடக் கட்டி 'சூப்பர் கவர்' எடுத்தால் இது பூஜ்யம் ஆகிவிடும் என்றார். நான் வாய்விட்டுக் கேட்டேன்: "டயர், கண்ணாடி, கீழ்ப்பக்கம் எல்லாமே சேர்த்தியா?" "எல்லாம் கவர் ஆகும் மேடம், ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றார். ஒன்பது நாளுக்கு 1,701 ராண்ட். கட்டினோம். ஒரு டேப்லெட்டை நீட்டினார், என் கணவர் விரலால் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்துவிடும் என்றார்கள். வந்தது, 14 பக்கம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அங்கேயே நின்று 14 பக்கத்தையும் படிக்க யாருக்கும் தோன்றாது, எங்களுக்கும் தோன்றவில்லை.

பதினோராம் பக்கத்தில் இருந்தது விஷயம். டயர், ரிம், முன்கண்ணாடி, காரின் அடிப்பகுதி, இவை எந்தக் காப்பீட்டிலும் சேராது. இவற்றுக்குத் தனியாக ஒன்று விற்கிறார்கள், அதைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவே இல்லை. இன்னொரு வரியும் இருந்தது: அலுவலகம் மூடிய நேரத்தில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், ஊழியர் வந்து காரைப் பார்வையிடும் வரை அது வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு.

இந்த இரண்டு வரிகளை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பயணம் நன்றாகவே இருந்தது. கடற்கரைப் பயணம் என்று சொன்னாலும் போர்ட் ஷெப்ஸ்டோன் தாண்டியதும் என்2 (N2) நெடுஞ்சாலை கடலை விட்டு உள்ளே திரும்பிவிடும். கோக்ஸ்டாட், ம்தாத்தா வழியாக மலையும் மேடுமாகப் போய், ஈஸ்ட் லண்டனில்தான் மறுபடி கடல் கண்ணில் படும். கடலோரமாகவே போகும் புதிய சாலைக்காக ம்சிகாபா, ம்டென்டு ஆறுகளின் மேல் பிரம்மாண்டமான பாலங்கள் கட்டுகிறார்கள். அது வரும்வரை இந்த உள்வழிதான். வேலி இல்லாததால் மாடும் ஆடும் தாராளமாகக் குறுக்கே வரும். ஊர்களுக்குள் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். சில இடங்களில் குழிகள் ஆளை முழுங்கும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், இருட்டில் அந்தச் சாலை வேண்டவே வேண்டாம்.

காஃபி பே பக்கம் போய், கடலலை குடைந்த ஓட்டைப் பாறையைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. இறங்கும் சாலை மோசம், காரின் அடியில் இடிக்கும் என்று ஈஸ்ட் லண்டன் நண்பர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அடுத்தவர் வண்டி என்பதால் ஆசையை விட்டுவிட்டு மண்டேலா வளர்ந்த குனுவில் மட்டும் நின்றுவிட்டுப் போனோம். பின்னால் பில்லில் 'அடிப்பகுதிச் சேதம்' என்று பார்த்தபோது எனக்கு அழுகை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு குழியில் இறங்கினோம். அதை மறைக்கவில்லை. ம்தாத்தாவுக்கு முன்னால், எதிரே லாரி வந்ததால் ஒதுங்க முடியவில்லை. அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். பெட்ரோல் போடும் பையன் படுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றான். அவருக்கு மனசு கேட்கவில்லை.

போர்ட் எலிசபெத்துக்கு 2021 முதல் கெபேகா என்று பெயர், ஆனாலும் அங்கே இருப்பவர்கள் இன்னும் பி.இ. என்றுதான் சொல்கிறார்கள். இந்தியர்கள் அதிகம் வாழும் மலபார் பகுதியில் என் தோழியின் வீடு. அவள் கட்டிக்கொண்டது இங்கேயே நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பத்தில். வீட்டில் எல்லோரும் ஆங்கிலம், அவள் கணவரின் ஆயாவுக்கு (பாட்டிக்கு) மட்டும் தமிழ் மிச்சம் இருக்கிறது. கதவைத் திறந்ததுமே "வா மா, குந்து" என்றார். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் என் பாட்டி சொன்ன அதே 'குந்து'. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எடுத்த காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ பேர் கப்பல் ஏறினார்கள் என்று படித்திருக்கிறேன், அந்த ஒரு வார்த்தையில் அது காதில் விழுந்தது. புரட்டாசி என்பதால் வீட்டில் இறைச்சி இல்லை. பீன்ஸ் கறியும் ரொட்டியும் வைத்து, போதும் என்று சொல்லச் சொல்ல இன்னும் போட்டார்.

பி.இ. கார் ஆலைகள் நிறைந்த ஊர். தோழியின் கணவருக்கு வண்டி என்றால் உயிர். குழி விவகாரத்தைச் சொன்னதும், தெரிந்த ஒரு பட்டறைக்குக் கூட்டிப் போய் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவசம், எண்ணெய்த் தொட்டி, நான்கு ரிம், எல்லாம் சுத்தம். அவர் பழக்கமாக ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தார். அன்று அந்தப் படங்களை எடுக்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு ஒரு ராண்ட்கூடத் திரும்பி வந்திருக்காது.

அதற்கப்புறம் முழுக்க நல்ல தார்ச்சாலை. ஸ்டாம்ஸ் ரிவர், 216 மீட்டர் உயர ப்ளூக்ரான்ஸ் பாலம், நைஸ்னா, மோசல் பே, கடைசியில் ஹெர்மானஸில் கரையிலிருந்தே திமிங்கிலம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது.

கேப்டவுனிலிருந்து காலை ஆறு மணிக்கு விமானம். நாலே முக்காலுக்குக் காரை விடப் போனால் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சாவிப் பெட்டியில் போடும்படி பலகை இருந்தது. அவர் மட்டும் பிடிவாதமாக மீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் படம் எடுத்தார். 25,560 கிலோமீட்டர், டேங்க் நிறைய. இருட்டில் காரைச் சுற்றி இரண்டு படம். விமானத்துக்கு ஓடினோம்.

பதினொன்றாம் நாள் மதியம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: 14,870 ராண்ட் எடுக்கப்பட்டது. முன்னறிவிப்பு இல்லை, ஒரு போன்கூட இல்லை. கார் எடுக்கும்போது கார்டைக் கொடுக்கிறோம் அல்லவா, பிற்பாடு வரும் கட்டணங்களையும் எடுத்துக்கொள்ள அப்போதே சம்மதம் கொடுத்துவிடுகிறோம். வங்கியில் புகார் செய்தபோது அதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

பில்லைக் கேட்டு வாங்கவே ஒரு வாரம். அடிப்பகுதிக் கவசமும் எண்ணெய்த் தொட்டியும் 7,900. இரண்டு ரிம் 4,400. சேத மதிப்பீட்டுக் கட்டணம் 850. நிர்வாகக் கட்டணம் 720. கார் ஓடாமல் நின்ற இரண்டு நாளுக்கு 1,000. சேதத்தைக் காட்டும் படம் கேட்டேன். நான்காவது மின்னஞ்சலுக்குப் பிறகு ஐந்து படம் வந்தது. ஒன்றில் டாஷ்போர்டு தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மீட்டரில் 25,797.

நாங்கள் விட்டது 25,560. நடுவில் 237 கிலோமீட்டர் யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். மூன்று வாரம் மௌனம். அப்புறம் ஒரு வரி பதில்: கழுவுவதற்கும் பெட்ரோல் போடுவதற்கும் கார் நகர்த்தப்பட்டிருக்கலாம். கேப்டவுன் விமான நிலையத்திலிருந்து 237 கிலோமீட்டர் போனால் ஸ்வெல்லெண்டாம் தாண்டிவிடலாம். நிறைந்த டேங்கோடு விட்ட காருக்குப் பெட்ரோல் போட அவ்வளவு தூரம் எதற்கு? எங்களை மடையர்கள் என்று நினைத்து எழுதிய பதில் அது. அன்று இரவு நாங்கள் இருவருமே தூங்கவில்லை.

அதன்பின் சட்டம் தெரிந்த ஒரு தோழி வழி காட்டினாள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 49ஆம் பிரிவைப் படிக்கச் சொன்னாள். நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்கிற, நம் தலையில் பாரத்தை ஏற்றுகிற எந்த நிபந்தனையையும், ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே, எளிய மொழியில், கண்ணில் படும்படி நமக்குக் காட்டியிருக்க வேண்டும், படித்துப் புரிந்துகொள்ள அவகாசமும் தந்திருக்க வேண்டும் என்கிறது அது. கையெழுத்துக்குப் பிறகு மின்னஞ்சலில் வந்த பதினோராம் பக்கம் அதில் எப்படி அடங்கும்? இதை எழுதி, பட்டறைப் படங்களையும் மீட்டர் படங்களையும் இணைத்து, தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும் புகார் செய்யப் போகிறோம் என்று தேதி போட்டு அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் 8,900 ராண்ட் திரும்பி வந்தது. அடிப்பகுதிக்கும் கார் நின்ற நாளுக்கும் எடுத்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதியிருந்தார்கள், தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ரிம்முக்கும் கட்டணங்களுக்குமான 5,970 தர முடியாதாம். பி.இ.யில் எடுத்த படத்துக்குப் பிறகும் கார் ஓடியிருக்கிறது, இருட்டில் எடுத்த படத்தில் ரிம் தெளிவாக இல்லை என்கிறார்கள். அந்தப் படம் தெளிவாக இல்லைதான்.

அதனால் கேட்கிறேன், சாவிப் பெட்டியில் மட்டும் சாவியைப் போடாதீர்கள். பகல் விமானமாகப் பார்த்து எடுங்கள், இல்லையென்றால் முந்தின நாள் மாலையே காரைக் கொடுத்துவிட்டு டாக்ஸியில் போங்கள். டாக்ஸிக்கு ஆகும் முந்நூறு நானூறு ராண்ட் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஊழியர் உங்களோடு காரைச் சுற்றி வந்து 'புதிய சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வரை நகராதீர்கள். அவசரப்படுத்துவார்கள், நில்லுங்கள். எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு ரிம்மையும், குனிந்து டார்ச் அடித்துக் காரின் அடியையும், மீட்டரையும் ஒரே வீடியோவாக எடுங்கள், நடுவில் நிறுத்தாமல்.

கவுன்டரில் 'எல்லாம் கவர் ஆகும்' என்றால், டயர், ரிம், கண்ணாடி, அடிப்பகுதி என்று நான்கு சொல்லையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அது கவர் ஆகாது என்று அர்த்தம். டயருக்கும் கண்ணாடிக்கும் தனியாக விற்கும் காப்பு ம்தாத்தா இருக்கும் ஈஸ்டர்ன் கேப் மாகாணச் சாலைகளுக்கு அவசியம் தேவை, அதை வாங்குங்கள். ஒப்பந்தத்தை முந்தின நாளே மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். பெற்றோரை ஊரிலிருந்து வரவழைத்து அவர்களுக்காகக் கார் எடுப்பவர்கள் இருக்கிறீர்கள். விமானத்துக்கு நேரமாகிறது என்று வயதானவர்கள் பதறும்போது இதையெல்லாம் யோசிக்க முடியாது, முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

5,970 ராண்டுக்கான புகாரை எல்லா ஆதாரங்களோடும் போன திங்கட்கிழமை ஆணையத்துக்கு அனுப்பிவிட்டோம். புகார் எண் வந்திருக்கிறது. பதில் வந்ததும் எழுதுகிறேன். இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால், மீட்டர் எண்ணை எங்கேயாவது படம் பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று முதலில் போனில் தேடிப் பாருங்கள்.