ரேஞ்சர் ராப்டரா, கொலராடோ இசட்ஆர்2-ஆ?

அமெரிக்கச் சந்தையில் விற்கப்படும், கரடுமுரடான பாதைகளுக்கான இரண்டு பிக்கப் வண்டிகளில், ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரின் 3.0 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சின் 405 குதிரைத்திறனும், செவர்லே கொலராடோ இசட்ஆர்2-இன் 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் 310 குதிரைத்திறனும் தருகின்றன. ஆயினும் சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை இரண்டிலும் 430 பவுண்டு-அடிதான் என்பதால், பாறைகளுக்கிடையே ஊர்ந்து ஏறும்போது அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. முன், பின் டிஃபரன்ஷியல் லாக்கும் (ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) 33 அங்குல டயரும் இரண்டிலும் உண்டு.

உண்மையான வேறுபாடு சஸ்பென்ஷனில் இருக்கிறது. ராப்டரின் பின்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்கும், அச்சைப் பக்கவாட்டில் நகரவிடாத வாட்ஸ் இணைப்பும், மின்னணுக் கட்டுப்பாடுள்ள ஃபாக்ஸ் நிறுவன டேம்பர்களும் (அதிர்வடக்கிகள்) சேர்ந்திருப்பதால், மேடுபள்ளமான மணற்பாதையில் வேகமெடுத்தாலும் வண்டி தடம் மாறாமல் செல்கிறது. இசட்ஆர்2-இன் பின்பக்கத்தில் இருப்பது உலோகப் பட்டைகளாலான பழைய பாணி லீஃப் ஸ்பிரிங்தான்; ஆனால் அதன் மல்டிமேட்டிக் நிறுவன டேம்பர்கள் மின்னணு உதவியே இல்லாமல், வால்வுகளின் வடிவமைப்பாலேயே அதிர்வை அடக்குகின்றன. தினசரித் தார்ச்சாலைக்கும் நிதானமான மலையேற்றத்திற்கும் இசட்ஆர்2 தாராளமாகப் போதும். திறந்தவெளியில் வேகமாக ஓட்ட விரும்புபவருக்கே ராப்டருக்கான கூடுதல் செலவு நியாயமாகும்.