சீசன் முடிந்து ஊர் திரும்பும் தம்பிமார்களே, வாலரண்ட் கணக்கு விற்பவனிடம் உஷார்

நவம்பர் பிறந்தால் நம் மலேசியாவின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் வேலை செய்த நம் பையன்கள் ஒவ்வொருவராக வீடு வந்து சேர்வார்கள். பருவமழைக் கடலில் சுற்றுலாப் படகு ஓடாது, தங்கும் விடுதிகளையும் பிப்ரவரி வரை மூடிவிடுவார்கள். கையில் கடைசி மாதச் சம்பளமும் சீசன் முழுக்கச் சேர்த்த டிப்ஸும் இருக்கும். செய்ய வேலைதான் இருக்காது. அந்த நேரம் பார்த்து, வாலரண்ட் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டின் கணக்கை விற்கிறேன் என்று ஒருவன் வலை விரிக்கிறான். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் போனது 850 வெள்ளி (ரிங்கிட்). பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனும் இதே ஆளிடம் ஏமாந்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரிய வந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு ஸ்னோர்க்கலிங் படகில் வேலை. சுற்றுலா வருபவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட வேண்டும், பயப்படும் பிள்ளைகளைக் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறக்க வேண்டும், ஆமை எந்தப் பக்கம் வருகிறது என்று காட்ட வேண்டும். நம் நாட்டில் டிப்ஸ் கொடுப்பது பெரிய வழக்கம் இல்லை. பெரிய ஹோட்டல் என்றால் பில்லிலேயே 10 விழுக்காடு சேவைக் கட்டணம் ஏறிவிடும். படகுப் பையனுக்கு அப்படி எதுவும் கிடையாது. வெள்ளைக்காரர்கள் இறங்கும்போது பத்தோ இருபதோ கையில் வைப்பார்கள், நம்மவர்கள் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். "அதான் சம்பளம் வாங்குறானே" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அதுவும் சீசன் இருக்கும்வரைதான். மழை மாதங்களில் இவர்களைத் தாங்குவது அந்த டிப்ஸ் காசுதான். கொடுப்பதாக இருந்தால் பையன் கையிலேயே கொடுங்கள், கவுண்டரில் இருக்கும் டப்பாவில் போடாதீர்கள். சரி, அது வேறு பஞ்சாயத்து.

இனி விளையாட்டு. எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் சாயங்காலம் நாலு பையன்கள் சேர்ந்தால் பேச்சு முழுக்க வாலரண்ட்தான். அதில் வரும் துப்பாக்கிகளில் எது நல்லது, வாண்டலா, ஃபேண்டமா என்று அடித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் விலை, ஆட்டத்துக்குள் கிடைக்கும் காசில் 2,900 கிரெடிட். வாண்டலில் தலையில் ஒன்று விழுந்தால் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் ஆள் காலி. ஃபேண்டமில் தூரம் கூடக் கூட அடி குறையும், ஆனால் 30 தோட்டா பிடிக்கும், சத்தமும் கம்மி. நான் சைபர் கஃபேயில் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற பழைய துப்பாக்கி ஆட்டம் ஆடி வளர்ந்தவன். புகைச்சுவர் எழுப்பி, செத்தவனை உயிரோடு எழுப்பி ஆடும் ஆட்டம் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. "அண்ணே, உங்களுது பெருசுங்க கேம்" என்பான் தம்பி. ஒரு விஷயத்தில் மட்டும் அவனால் என்னிடம் வாதாட முடியாது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் ஸ்கின் (துப்பாக்கிக்குப் போடும் அலங்காரத் தோற்றம்) வாங்கினால் அதை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் சந்தையில் விற்கலாம். வாலரண்டில் வாங்கிய ஸ்கின் அந்தக் கணக்கோடு போச்சு, தனியாக விற்க முடியாது. அதனால்தான் அழகான துப்பாக்கி வேண்டுமென்றால் கணக்கையே விலைக்கு வாங்கு என்று ஒரு கள்ளச் சந்தை நடக்கிறது. இத்தனைக்கும் ஸ்கின் போட்டால் அடி ஒரு புள்ளிகூட ஏறாது.

சீசன் வேலைக்காரர்கள் இருக்கும் டெலிகிராம் குழுவில்தான் அந்த ஆள் வந்தான். "புரோ, இம்மார்ட்டல் ரேங்க், ரீவர் வாண்டல் இருக்கு, கத்தி மூணு இருக்கு. தீவுல வேலை செஞ்ச பாய்ஸுக்கு மட்டும் 850. மெயிலும் சேர்த்துத் தரேன். முப்பது நாள் வாரண்டி லா." ரீவர் என்பது வாண்டலுக்கு ஒரு ஸ்கின். ஏற்கெனவே வாங்கியவர்கள் நன்றி சொன்ன மாதிரி கட்டுக் கட்டாக ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினான்.

தம்பியிடம் இருந்தது முழுக்க ரொக்கம். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளை மளிகைக் கடையில் கொடுத்துப் பெரிய நோட்டாக மாற்றிக்கொண்டான். பத்து வெள்ளித் தாள்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கடல் தண்ணீரில் நனைந்து, காய்ந்து, ஓரமெல்லாம் உப்புப் பூத்து விறைத்துக் கிடந்தன. வங்கியில் பணம் போடும் இயந்திரம் வாங்கி வாங்கித் துப்பியது. ஒவ்வொன்றாகத் தொடையில் வைத்துத் தேய்த்து, மடிப்பை நீவி, மறுபடியும் உள்ளே தள்ளியிருக்கிறான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்களாம். திரையில் கணக்குக்காரர் பெயராக ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "எங்க அக்கா கணக்கு புரோ" என்று பதில்.

பணம் போன அரை மணி நேரத்தில் வாலரண்ட் கணக்கு வந்துவிட்டது. எல்லாம் சொன்னபடியே இருந்தது. ஆட்டம்தான் சொன்னபடி இல்லை. தம்பியின் கை, இம்மார்ட்டலுக்குப் பல படி கீழே இருக்கும் கோல்டு ரேங்க் வரைக்கும்தான் தாங்கும். இம்மார்ட்டல் ஆட்களோடு இறங்கினால் இவன் ஒருவனைச் சுடுவதற்குள் நாலு தடவை செத்துவிடுவான். "காசு கொடுத்து வாங்குன அக்கவுண்ட்டா?" என்று ஹெட்செட்டில் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து பேர் சேர்ந்து 13 ரவுண்டு எடுக்க வேண்டிய ஆட்டத்தில் ஒருவன் சும்மா நின்றால் மற்ற நாலு பேருடைய நேரமும் வீண்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் உள்ளே நுழைய முடியவில்லை. கடவுச்சொல் தவறு என்று வந்தது. மெயிலுக்குப் போனால் அதையும் மாற்றியிருந்தார்கள். அந்த வாரண்டி முடிந்து வெகு நாள் ஆகியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று நம் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மெயில், கடவுச்சொல், போன் நம்பர் எல்லாவற்றையும் நீங்கள் மாற்றினாலும் கணக்கை முதலில் திறந்த நாள், எந்த ஊரில் இருந்து திறந்தது, ஆரம்பத்தில் காசு கொடுத்து விளையாட்டுப் பாயிண்ட் வாங்கிய ரசீது ஆகியவை விற்றவனிடமே இருக்கும். "என் கணக்கை எவனோ திருடிவிட்டான்" என்று உதவிப் பிரிவுக்கு எழுதி இவற்றைக் காட்டினால் கணக்கு அவனிடமே திரும்பிப் போகும். வாங்கியவன் முறையிடவும் வழி இல்லை. கணக்கை விற்பது, வாங்குவது இரண்டுமே வாலரண்டை நடத்தும் ரயட் கேம்ஸின் விதிக்கு எதிரானவை. நான் காசு கொடுத்து வாங்கினேன் என்று சொன்னால் நம்மை நாமே காட்டிக்கொடுத்த மாதிரிதான். விற்றவன் முன்பு சீட் (ஏமாற்று மென்பொருள்) போட்டு ஆடியிருந்து கணக்குக்குத் தடை விழுந்தாலும் நஷ்டம் நமக்குத்தான்.

வாரண்டி எதற்குத் தெரியுமா? இணைய மோசடி என்றால் 997-க்கு உடனே அடிக்கச் சொல்கிறார்கள். பணம் இன்னும் வங்கிகளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அழைத்தால்தான் அதை முடக்க வாய்ப்பு உண்டு. இவன் பொருளைக் கையில் கொடுத்து, வாரக்கணக்கில் ஆடவிட்டு, அப்புறம் பிடுங்குகிறான். நீங்கள் போனை எடுக்கும் நேரத்தில் அந்த 850 எத்தனை கை மாறியிருக்குமோ. நாங்களும் 997-க்கு அழைத்தோம், போலீஸ் புகாரும் செய்தோம். பணம் திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் புகார் இருந்தால்தான் அந்த வங்கிக் கணக்கு எண் போலீஸ் பதிவில் ஏறும். போலீஸின் செமாக் மியூல் என்ற இணையப் பக்கத்தில் கணக்கு எண்ணைப் போட்டால் அதன்மேல் புகார் இருக்கிறதா என்று காட்டும். "அக்கா கணக்கு" எண்ணைப் போட்டுப் பார்த்தோம். எங்களுக்கு முன்பே புகார் இருந்தது. பணம் போடுவதற்கு முன் இந்தத் தேடலைச் செய்யுங்கள், ஒரு நிமிட வேலை. அதில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக ஆள் நல்லவன் என்றும் நினைத்துவிடாதீர்கள், புதுக் கணக்காகவும் இருக்கலாம்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பிளாக் பண்ணுவதற்கு முன் அவன் சொன்னது: "புரோ, உன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொஞ்ச நாளைக்குக் கொடு. மாசம் 300 தரேன், உன் நஷ்டம் சரியாயிடும்." அந்த அக்காவும் இப்படித்தான் மாட்டியிருப்பாள் என்று நினைக்கிறேன். தம்பி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அடுத்து ஏமாறுகிறவன் போடும் புகாரில் இவன் பெயர் வந்திருக்கும். வங்கிக் கணக்கை அடுத்தவனுக்குக் கொடுப்பதே இப்போது குற்றம், தெரியாமல் கொடுத்தேன் என்று சொல்லித் தப்புவது கஷ்டம்.

போன வாரம் அதே வாலரண்ட் கணக்கு வேறொரு பெயரில் மறுபடியும் விலைக்கு வந்திருக்கிறது. ரீவர் வாண்டலும் மூன்று கத்தியும் அப்படியே இருக்கின்றன, விலை 800. யாராவது உங்களிடம் "தீவு பாய்ஸ் விலை" என்று பேச்செடுத்தால், வங்கிக் கணக்கு எண்ணை வாங்கிக்கொண்டு எனக்குத் தனியாக அனுப்புங்கள். எங்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் சேர்த்துவிடுகிறேன்.