பஞ்சாயத்து கையில் ஆஸ்பத்திரி: சித்தூர் பக்கம் பார்த்தது

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் கிழக்குப் பகுதி எங்கள் ஊர். மாமா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகி ரொம்ப நாளாகிறது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு நான் பணம் அனுப்பலாம், போன் பண்ணலாம், அவ்வளவுதான். இந்த முறை போனபோது அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை. காரணம் கேட்டதற்கு அத்தை, "எல்லாம் பஞ்சாயத்து சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததுப்பா" என்றார்.

நான் இருந்தபோதே சிஸ்டர் வந்தார். பஞ்சாயத்து ஏற்பாடு செய்த ஜீப், கூடவே எங்கள் வார்டு ஆஷா (வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தொண்டர்). யூரின் ட்யூபை மாற்றினார். குதிகால், இடுப்பு, முதுகு எல்லாம் அழுத்திப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுகிறார்களா என்று அத்தையிடம் விசாரித்தார். அத்தையின் முட்டி வலியையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் விழுந்துவிட்டால் நோயாளியும் விழுந்துவிடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவுக்கும் ஒரு பைசா வாங்கவில்லை.

கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1990களின் நடுவில் கிராமப் பஞ்சாயத்துகளிடம் போயின. 1996-ல் ஊர் மக்களே திட்டம் போடும் 'மக்கள் திட்டம்' தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளுக்கு என்று அரசு முடிவெடுத்தது. வெறும் கட்டடத்தை மட்டும் ஒப்படைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. 2008-ல் வலி தணிப்புச் சிகிச்சைக்கு, அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வேதனையைக் குறைத்துப் பராமரிப்பதற்கு, தனிக் கொள்கை வந்தது. அதன்பிறகு படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது பஞ்சாயத்தின் வேலையானது. சிஸ்டருக்குச் சம்பளமும் வண்டிச் செலவும் பஞ்சாயத்துத் திட்டப் பணத்திலிருந்துதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. முன்பெல்லாம் மதியத்தோடு ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) முடிந்துவிடும், கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டால்தான் டாக்டரைப் பார்க்க முடியும். 2017-ல் வந்த ஆர்த்ரம் திட்டத்தில் குடும்ப ஆரோக்கிய மையமாக மாறிய இடங்களில் மாலை ஆறு வரை ஓ.பி. உண்டு. அதற்குக் கூடுதலாக வேண்டிய டாக்டரைப் பஞ்சாயத்தே நியமித்துச் சம்பளம் கொடுக்கலாம். மாத்திரையை விடாமல் சாப்பிடுவதும் நடுவில் நிறுத்திவிடுவதும் பெரும்பாலும் இந்த நேரக் கணக்கைப் பொறுத்ததுதான். மாலையில் அங்கே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் வேலை முடிந்து நேராக வந்தவர்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. உறவினர் ஒருவர் இருக்கும் இன்னொரு பஞ்சாயத்தில் டாக்டர் மாற்றலாகிப் போய் மாதக்கணக்காக அந்த இடம் காலி. தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினால், நிரந்தர டாக்டரைப் போடுவது மாநிலத் துறை கையில் என்கிறார். உண்மைதான், மாற்றல், பதவி உயர்வு எதுவும் பஞ்சாயத்திடம் இல்லை. நிதியாண்டு முடியும் மார்ச் நெருங்கும்போது அரசு ட்ரெஷரியில் பஞ்சாயத்து பில் தேங்குவது வேறு. கேள்வி கேட்க ஓர் ஆளைக் கண்முன்னே நிறுத்திவிட்டு, பதில் சொல்லும் அதிகாரத்தை வேறெங்கோ வைத்திருப்பது சரியில்லை.

அதற்காக நிரந்தர ஊழியர் சம்பளத்தையும் உள்ளாட்சி தலையில் கட்டுவது ஆபத்து. பிலிப்பைன்ஸ் 1991 சட்டத்தின்படி சுகாதார ஊழியர்களையே உள்ளாட்சிகளுக்கு மாற்றியது. ஏழை நகராட்சிகளால் சலுகைகளைச் சரியாகக் கொடுக்க முடியாமல் போனது. நிரந்தர ஊழியர் சம்பளத்தை மாநிலமே வைத்துக்கொண்ட கேரளம் அந்தப் பள்ளத்தில் விழவில்லை.

பொள்ளாச்சியில் சித்தி. தமிழ்நாட்டில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊராட்சியிடம் இல்லை, பொது சுகாதாரத் துறையிடமே இருக்கின்றன. பிரசவத்துக்கு இருபத்து நான்கு மணி நேர நர்ஸ், தட்டுப்பாடில்லாத மருந்து விநியோகம் எல்லாம் மேலிருந்து நடத்தியே சாதித்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சித்திக்கு பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் அங்கே வலி தணிப்பு நர்ஸ் ஒன்றியத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. எங்கள் பக்கம் பஞ்சாயத்துக்கு ஒருவர். பிரசவம், மருந்துக் கொள்முதல் போன்றவற்றுக்குப் பெரிய துறையே நல்லது. வருடக்கணக்கில் வீட்டுக்குள் கிடக்கும் நோய்க்கு, எந்தச் சந்தில் யார் கிடக்கிறார் என்று தெரிந்த பஞ்சாயத்துதான் வேண்டும் என்பது என் எண்ணம்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு கேரளத்தில் பெற்றோரை வைத்திருப்பவர்கள் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக ஆஷாவிடமோ வார்டு மெம்பரிடமோ வலி தணிப்புப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். கேரளத்தில் கிராம சபை வார்டு வாரியாகக் கூடுகிறது. அதற்கு வீட்டிலிருந்து ஒருவர் போய் மருந்துக்கும் மாலை ஓ.பி.க்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்கட்டும். எங்கள் வீட்டில் அடுத்த சபைக்கு அத்தை போவதாக இருக்கிறார். அந்த நேரம் மாமாவை அம்மா பார்த்துக்கொள்வார்.